பேர் சொல்லாத முனி

மண்ணூரணியில் முனி இறங்கியிருக்கிறது என்ற சேதி திருப்பாலைக்குடி மீன் கடைக்கு எட்டிய அன்று, நெத்திலி வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் நெத்திலியை மறந்துவிட்டு பஸ் ஏறினார்கள். தொண்டியிலிருந்து வருகிற அந்த பஸ் மண்ணூரணி விலக்கில் கை காட்டினால் வேகத்தைக் கூட்டுகிற வண்டி. 1988 ஐப்பசியில் அது கை காட்டாமலே நின்றது. கண்டக்டரும் இறங்கி, மேற்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறிக்கொண்டார். ரோடு கேட்டு எட்டு வருஷமாக மனுக் கொடுத்த ஊர் அது. ரோடு வரவில்லை, முனி வந்துவிட்டது.

ஊருக்குள் நுழைந்தால் திருவிழாதான். கண்மாய்க் கரையில் சுக்குமல்லிக் காப்பி, வறுத்த கடலை, பலூன். "பேயோட்டுற எடம் எங்கன இருக்கு?" என்று கேட்டபடி கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனம் வந்தது. சினிமாவுக்குப் போனால் டிக்கெட் எடுக்க வேண்டும். இங்கே சும்மாவே பார்க்கலாம்.

முனி என்றால் புளியமரத்திலோ ஒற்றைப் பனையிலோ குடியிருப்பதுதான் வழக்கம். மண்ணூரணி முனி நாகரிகமானது. சிமெண்டு ஷீட் போட்ட சூளைக் கொட்டகைக்குள் குடியிருந்தது. சூளை மூட்டாத நாளில் வராது. மூட்டிய நாளிலும் காலையில் புகை மண்டும்போது வராது. மத்தியானம் புகை அடங்கி, தணல் விழுந்து, கதவைச் சாத்திய பிறகுதான் வரும். கொட்டகைக்கு வெளியே ஒருவரையும் தொடாது. இத்தனை ஒழுங்காக ஒரு முனி ஏன் நடந்துகொள்கிறது என்று ஊரில் ஒருத்திதான் யோசித்தாள். அவளுக்குத்தான் முனி பிடித்திருக்கிறது என்று சொல்லியாகிவிட்டது. பேய் பிடித்தவள் பேச்சை யார் கேட்பார்கள்?

அவள் பூமயில், சோணைமுத்துவின் மனைவி. தணலின் நிறத்தைப் பார்த்தே சூளையில் அகல் விளக்கு வெந்ததா வேகவில்லையா என்று சொல்லிவிடுவாள். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவளுக்கு வினையாக வந்தது.

மண்ணூரணியில் முப்பது வீடும் மண் பிசைகிற வீடு. கார்த்திகைக்கு அகல் விளக்கு செய்து கொடுக்க வேண்டும், ஆனால் கார்த்திகைக்கு முன்னாலேயே மழை வந்துவிடும். கண்மாய்க் கரையில் திறந்த வெளியில் சூளை போட்ட காலத்தில் வருஷத்துக்கு ஒரு சூளையாவது மழையில் நனைந்து பாழாகும். அதனால் அந்த வருஷம் ஊரே கூடி நாலு சுவர் எழுப்பி, ஷீட் போட்டு, கொட்டகைக்குள் சூளை கட்டியது. ஒரு கதவு, இரண்டு சன்னல், சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

மழை உள்ளே வராமல் போனது. ஆனால் சுட்ட விளக்கில் வாடைக்காற்று பட்டால் விண்டு போகுமே என்று, தணல் விழுந்ததும் கருவேலங்கரியை மேலே கொட்டி, கதவையும் சன்னலையும் சாத்தினார்கள். உள்ளே இருந்து தணல் பார்க்க ஓர் ஆள் வேண்டும். பூமயில் உட்கார்ந்தாள்.

முதல் சூளையில் ஒரு மணி நேரத்துக்குள் அவளுக்குத் தலை வெடித்தது. கால் இரண்டும் குழைத்த மண்ணாகத் துவண்டன. வாந்தி எடுத்துச் சாய்ந்தவளை வெளியே தூக்கிப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கண் விழித்தாள்.

"மொதச் சூளைக்குக் காவு குடுக்கலை, அதான் முனி இவளப் புடிச்சிருச்சு," என்றாள் மாமியார் பஞ்சம்மாள். மருமகளுக்கு வயிற்று வலி என்றாலும் பஞ்சம்மாளுக்கு முனிதான்.

மூன்றாம் நாளே அக்கினிச் சாமியார் வந்து சேர்ந்தார். தாடி, காவி, கழுத்தில் மணி, கையில் ஒரு கட்டு வேப்பிலை. அக்காள்மடத்தில் ஏழு பேய், தங்கச்சிமடத்தில் பதினோரு பேய் ஓட்டிவிட்டு வருவதாகச் சொன்னார். ராமேசுவரத் தீவிலிருந்து ஓட்டிய பேய்கள் பாலத்தில் நடந்து போனதா, படகு பிடித்ததா என்று யாரும் கேட்கவில்லை. சாமியின் சொந்தப் பேர் என்ன, ஊர் எது என்றும் கேட்கவில்லை. சாமிக்கு ஏது பேர்?

கொட்டகையைத் தூரத்திலிருந்தே மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, சாமி தீர்ப்புச் சொன்னார்.

"முனி சன்னல் வழியாத்தான் உள்ள வருது. கூரை இடுக்கு வழியாவும் வருது. ஒரு எறும்பு நுழைய எடம் இல்லாம அடைங்க."

வேறு ஊராக இருந்தால் நாலு சாக்கை அடைத்துவிட்டுப் போயிருப்பார்கள், அதில் பாதி ஓட்டை மிச்சமிருக்கும். இது மண்ணூரணி. முப்பது வீட்டு ஆண்களும் களிமண்ணைப் பிசைந்து, வைக்கோல் சேர்த்து, சாணி மெழுகி, இரண்டு சன்னலையும் கூரை இடுக்கையும் பூசினார்கள் பாருங்கள், பானையே தோற்றுப் போகும். சோணைமுத்து நீர் தெளித்து வழவழவென்று தேய்த்தும் கொடுத்தான். பெண்டாட்டி மேல் அத்தனை பாசம்.

"ஒத்தையா உட்காந்தாத்தான் முனி அண்டும். தொணைக்கு ரெண்டு பேர் போங்க," என்றார் சாமி. இரண்டாம் சூளையில் மூன்று பெண்கள் உட்கார்ந்தார்கள். மூன்று பேரும் விழுந்தார்கள்.

சாமியின் புகழ் ஓங்கியது. அடைக்காதபோது ஒருத்தியைப் பிடித்த முனி, அடைத்த பிறகு மூன்று பேரைப் பிடிக்கிறது என்றால் அது எப்பேர்ப்பட்ட முனி! அதையும் ஓட்டுகிறார் என்றால் அவர் எப்பேர்ப்பட்ட சாமி! மூன்றாம் சூளைக்கு ஐந்து பேர் விழுந்தார்கள். அப்போதுதான் தொண்டி பஸ் தானாக நிற்க ஆரம்பித்தது.

ஓட்டுகிற விதத்தையும் சொல்ல வேண்டும். சாமி கொட்டகை வாசலை மிதிக்க மாட்டார். பத்தடி தள்ளி நின்று, "கரைக்குக் கொண்டாங்க! காத்துப் பக்கமாப் போடுங்க!" என்று கத்துவார். கண்மாய்க் கரையில் வாடைக்காற்று ஆளையே தள்ளும். அங்கே கிடத்தி, வேப்பிலையால் விசிறி விசிறி அடிப்பார்.

"சொல்லு! நீ யாரு? பேரச் சொல்லு!"

பூமயில் பாதி மயக்கத்தில் "பூமயிலு" என்றாள்.

"பொய் சொல்லுது!" என்று இன்னும் நாலு அடி. "உம் பேரக் கேட்டேன்!"

"பூமயிலுதாங்க."

"கள்ள முனி! பேரச் சொல்லாம ஏய்க்குது பாத்தீகளா?"

கூட்டம் உச்சுக் கொட்டியது. பூமயில் எழுந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். முனி கக்கிவிட்டுப் போகிறது என்றார்கள். அவளுக்குத் தலைவலி இரண்டு நாள் இருந்தது. அது முனி விட்டுப்போன அடையாளம் என்றார்கள்.

ஓட்டுகிற பேய் ஒவ்வொன்றுக்கும் ஒரு கறுப்புச் சேவல் காணிக்கை. கட்டினால் முனி அண்டாது என்று வெளியூர் ஜனத்துக்கு விற்ற தாயத்துக்குக் காசு தனி. சாமி சுத்த சைவம், சேவல் முனிக்கு. சாமி தங்கியிருந்த வீட்டுக் கொல்லையில் இறகு மட்டும் குவிந்துகொண்டே போனது. முனி இறகு தின்பதில்லை போலிருக்கிறது.

நாலாம் சூளைதான் பெரிய சூளை. ராமேசுவரம் போகிற விளக்கு அத்தனையும் அதில்தான். அதற்கு முதல் நாள் சாமி வாக்குச் சொன்னார். முனிக்கு ஏன் இத்தனை ஒழுங்கு என்று பூமயில் கேட்டது அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"முனிக்கு மூல ஆளு பூமயிலுதான். நாளைக்குத் தணல் விழுந்ததும் அவள மட்டும் உள்ள உட்கார வச்சு, கதவையும் வெளிய இருந்து களிமண் வச்சுப் பூசுங்க. பொழுது சாயத் தெறந்தா முனி இருக்காது."

முனி இருக்காது என்பது உண்மைதான். பூமயிலும் இருக்கமாட்டாள் என்பதைச் சாமி சொல்லவில்லை.

பூமயில் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு மணி நேரத்தில் சாய்ந்தவள், பொழுது சாயும் வரை பூசிய கதவுக்குள் இருந்தால் என்ன ஆவாள்? புருஷனைப் பார்த்தாள்.

"நான் செத்துப் போவேங்க."

"சாமி இருக்காருல்ல, விட்டுருவாரா?" என்றான் சோணைமுத்து. கெட்டவனில்லை. மண்ணைத் தட்டிப் பார்த்து ஓட்டை கண்டுபிடிக்கிறவன், மனிதரைத் தட்டிப் பார்த்துப் பழகாதவன். "மாட்டேன்னா ஊரு என்ன பேசும்? ஆத்தா ஒன்னைய ஒங்க அய்யா வீட்டுக்கே அனுப்பிருவேங்குது."

மறுநாள் விடியலில் சூளை மூட்டியானதும் இருளம்மாள் மாட்டு வண்டியில் கரி மூட்டைகளோடு வந்தாள். முதுகுளத்தூர்ப் பக்கம் கருவேல விறகை அடுக்கி, மேலே மண் போட்டு மூடி, உள்ளே புகையவிட்டுக் கரி எடுக்கிற மூட்டத்தில் இருபது வருஷம் வெந்தவள். இந்த ஊருக்குக் கரி கொண்டு வருவது அதுதான் முதல் தடவை. மூட்டை இறக்கும்போது பூமயிலின் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னத்தா, சீக்காளி மாதிரி இருக்க?" என்று கேட்டாள்.

பூமயில் எல்லாவற்றையும் சொன்னாள். இருளம்மாள் மூட்டையைப் பொத்தென்று போட்டாள்.

"முனியா? அடி போடி! கரித்தணல் கெடக்குற எடத்த அடைச்சா ஆளச் சாய்க்கத்தான் செய்யும். எங்க மூட்டத்துல காத்து வர்ற பக்கம்தான் நிப்போம். புகையாவது பரவால்ல, கண்ணு எரியும், ஓடிருவோம். இது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தலை கிறுகிறுன்னுச்சுன்னா விழுந்தடிச்சு வெளிய ஓடிறணும். அம்புட்டுத்தான் மந்திரம்."

"அப்ப வேப்பிலை அடிச்சதும் முழிப்பு வந்துச்சேக்கா?"

"வேப்பிலையா முழிக்க வச்சுச்சு? கரைக் காத்துல போட்டான், முழிச்ச. அதுவும் ஒங்காயுசு கெட்டி. இன்னுங் கொஞ்சம் உள்ள கெடந்திருந்தா காத்தும் எழுப்பாது."

பூமயில் கொட்டகைச் சுவரைப் பார்த்தாள். வழவழவென்று பூசியிருந்த சன்னலைப் பார்த்தாள். மூன்று சூளையாக மனசில் உறுத்திக்கொண்டிருந்ததெல்லாம் ஒரு வரிசைக்கு வந்து நின்றது. ஆனால் இதைச் சொன்னால் ஊர் நம்பாது. முனிதான் இருளம்மாள் வாயில் பேசுகிறது என்பார்கள். சொன்னால் நம்பாத ஊருக்குக் காட்டத்தான் வேண்டும்.

மத்தியானம் தணல் விழுந்தது. கரி கொட்டினார்கள். கதவருகே களிமண் பிசைந்து தயாராக இருந்தது. கரை முழுக்கத் தலை. சாமி பத்தடி தள்ளித் தம் வழக்கமான இடத்தில் நின்றார். காலடியில் கட்டிப் போட்ட கறுப்புச் சேவல், நல்ல கொழுத்தது.

பூமயில் கதவு வரை போய் நின்று திரும்பினாள்.

"சாமி, உள்ள போறேன். அதுக்கு முந்தி ஒண்ணு கேக்கலாமா? ஒங்க தாயத்தக் கட்டுனா முனி அண்டாதுன்னு சொன்னீகளே, நெசந்தானா?"

"நெசந்தானாவா! இந்தத் தாயத்தக் கட்டுனா கல்லு மண்ணக்கூட காத்து கறுப்பு தொடாது," என்றார் சாமி, கூட்டத்துக்கும் சேர்த்து.

"அப்ப அத அந்தச் சேவலுக்குக் கட்டுங்க. மொதல்ல அரை மணி அது உள்ள இருக்கட்டும். அதுக்கு ஒண்ணும் ஆகலைன்னா நான் ரெண்டு தாயத்தாக் கட்டிக்கிட்டு, பொழுது சாயுற வரைக்கும் உட்காருறேன்."

சாமியின் தாடி லேசாக ஆடியது. "சேவலு முனிக்குப் படையலு. முந்தியே விடப்படாது."

"முனி வீட்டுக்குள்ளயே கொண்டுபோய் வைக்கிறோம் சாமி. வாசல் தேடி வந்த படையல வேணாங்குமா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "அதானே, கட்டிப் பாருங்க சாமி!" என்று ஒரு குரல். பலூன்காரர் முன்னால் வந்து நின்றார். சேவல் கழுத்தில் தாயத்து ஏறியது. கண்மாய்க்கு வெளியூர்க் கூட்டம் வந்ததிலிருந்து இப்படி ஒரு காட்சி நடந்ததில்லை.

சேவலைப் பஞ்சாரக் கூடையில் கவிழ்த்து உள்ளே தள்ளி, கதவைச் சாத்தினார்கள்.

கொஞ்ச நேரத்துக்கு உள்ளே இருந்து கொக்கரிப்பு கேட்டது. "பாத்தியளா! தாயத்து மகிமை!" என்று பஞ்சம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமியும் புன்னகை செய்தார். பிறகு கொக்கரிப்பு தேய்ந்தது. பிறகு கேட்கவில்லை.

"தெறங்க. ஒரு ஆளும் உள்ள போகாதீக," என்று இருளம்மாள் அதட்டி, ஆடு மேய்க்கிறவனிடம் இருந்த தொரட்டியை வாங்கி, வெளியே நின்றபடியே கூடையைக் கொக்கி போட்டு இழுத்தாள். சேவல் கழுத்து துவண்டு, கால் விறைத்து, தாயத்தோடு கிடந்தது.

சும்மா சொல்லக் கூடாது, சாமி சமர்த்தர். "பாத்தீகளா! முனி சேவலப் புடிச்சிருச்சு!" என்று கூவினார்.

"தாயத்து கட்டியிருந்துச்சே?" என்றாள் பூமயில்.

"அது... சேவலு தீட்டு."

"சரி சாமி. அப்ப பேரக் கேளுங்க."

"என்னது?"

"எங்கிட்டக் கேட்டீகள்ல? முனி யாருன்னு சேவல்கிட்டயும் கேளுங்க. சொல்லுதா பாப்போம்."

"கேளுங்க சாமி! பேரக் கேளுங்க!" என்று கூட்டம் பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் சாமி வேப்பிலையை ஓங்கி, ஒரு சேவலைப் பார்த்து, "நீ யாரு? சொல்லு!" என்றார். ராமநாதபுரம் ஜில்லாவில் அதற்கு முன்னும் பின்னும் சேவலிடம் யாரும் விலாசம் விசாரித்ததாகத் தெரியவில்லை. கரையே கெக்கலி கொட்டியது.

பூமயில் அவர் கையிலிருந்த வேப்பிலையைப் பிடுங்கி வீசினாள். "அடிக்காதீக. மந்திரமும் வேணாம். சும்மா காத்துல கெடக்கட்டும்."

சேவலைக் கரை மேல் வைத்தாள். வாடைக்காற்று இறகைக் கலைத்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். ஒன்றும் ஆகவில்லை. சேவல் செத்துவிட்டால் பூமயிலும் செத்தாள், களிமண் தயாராக இருக்கிறது. சேவலின் ஒரு கண் திறந்தது. பிறகு கால் உதறியது. பிறகு தள்ளாடி எழுந்து, நாலு எட்டு கோணலாக நடந்து, சாமியின் கால் பெருவிரலை ஒரு கொத்துக் கொத்தியது.

"வேப்பிலை இல்ல, மந்திரம் இல்ல," என்றாள் பூமயில். "கொட்டகைக்குள்ள இருந்தா விழுது, காத்துல வச்சா எந்திரிக்குது. ஆரு ஓட்டுனா இந்த முனிய? சாமி, இன்னும் சந்தேகம்னா நீங்களே உள்ள உட்காந்து முனிகிட்டப் பேரக் கேளுங்களேன். கதவ நான் பூசுறேன்."

இரண்டு மூன்று பேர் ஆர்வத்தோடு சாமியின் கையைப் பிடித்தார்கள். சாமி அலறினார்.

"ஏலே, விடுங்கலே! கரி தணலாக் கெடக்குற அடைச்ச கொட்டகைக்குள்ள மனுசன் உட்காருவானா? செத்துப் போவாம்லே!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது.

"முனி அடிச்சுச் சாவானா சாமி, கரி அடிச்சுச் சாவானா?" என்று பூமயில் மெல்லக் கேட்டாள்.

இருளம்மாள் தொரட்டியை ஊன்றிக்கொண்டு கிட்டே வந்தாள். "காலையில இருந்து எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கேன்னு பாத்தேன். அலறவும்தான் அடையாளம் தெரியுது. ஏலே, நீ எங்க மூட்டத்துல கரி அள்ளுன தங்கசாமிதானே? நம்மகூட கரி அள்ளுன மூக்கையா மூட்டத்துப் பக்கம் சாஞ்சப்ப 'காத்துப் பக்கம் இழுத்துப் போடு'ன்னு கத்துனது நீதானலே? அன்னைக்கு வேப்பிலையும் இல்ல, சேவலும் இல்ல. மூக்கையா எந்திரிச்சு டீ குடிச்சான்."

இத்தனை நாளாக ஊரெல்லாம் பேர் கேட்டவரின் பேர், வேப்பிலை அடிக்காமலே வெளியே வந்தது.

சோணைமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. பாய்ந்து தாடியைப் பிடித்தான். "தெரிஞ்சேதான் பூசச் சொன்னியாலே? எம் பொண்டாட்டிய உள்ள வச்சு?" தங்கசாமி காவியை அவன் கையில் விட்டுவிட்டு, அரைக்கால் டவுசரோடு விலக்கை நோக்கி ஓடினார். அன்றைக்குப் பார்த்து பஸ் நிற்கவில்லை. பழைய வழக்கப்படி வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

தலைவலி விட்டு விட்டு வந்ததால் பூமயில் மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா எல்லாம் கேட்டுவிட்டு, "அதுக்குப் பேரு கார்பன் மோனாக்சைடு. மயங்கினவங்கள வெளிய தூக்கினதும் இங்க கொண்டாந்திருக்கணும்," என்று கடிந்துகொண்டாள். பூமயிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை அடி அடித்துக் கேட்டும் வராத பேர் இதுதானா? இவ்வளவு நீளமான பேரை முனியே ஆனாலும் எப்படிச் சொல்லும்?

ஆனால் அது மறுவாரம். அன்றைக்குக் கரையில் அவள் சிரிக்கவில்லை. காவித் துணியோடு திரும்பி வந்த புருஷனைத் திறந்த கதவு வரை கூட்டிக்கொண்டு போய், வெளியே நின்றபடியே சூளையின் அடியில் தீ வாங்குகிற துவாரங்களைக் காட்டினாள்.

"நெருப்பு மூச்சு முட்டி அணைஞ்சிறக் கூடாதுன்னு எட்டு ஓட்டை விட்டுருக்கீக. பொண்டாட்டி உட்கார்ற எடத்துல இருந்தது ரெண்டு. அதையும் தண்ணி தெளிச்சு, தேச்சு அடைச்சீகளே?"

சோணைமுத்து கடப்பாரையை எடுத்து, தான் பூசிய சன்னலையே முதலில் இடித்தான். பிறகு முப்பது வீட்டு ஆண்களும் சேர்ந்து கூரை இடுக்கைத் திறந்து, எதிர்ச் சுவரில் புதிதாக இரண்டு சன்னலும் வைத்தார்கள். அந்தச் சூளையில் பத்து விளக்கு விண்டது. ஆள் ஒருவரும் விழவில்லை. தணல் பார்க்கிறவர் இனி வாசலுக்கு வெளியே நின்றுதான் பார்ப்பது என்றும் முடிவாயிற்று.

கொட்டகைக்குச் சன்னல் வைத்துவிட்டார்கள், நல்லது. ஆனால் பஞ்சம்மாள் அடுத்த கரி வண்டியில் வந்த இருளம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒனக்குத்தான் முனி சங்கதியெல்லாம் தெரியுதே, எனக்கு ஒரு தாயத்து கட்டிவிடேன்," என்று கேட்டாளாம். சுவரை இடிக்கக் கடப்பாரை இருக்கிறது. இந்த மண்டைகளுக்குச் சன்னல் வைக்க, ஐயா, அவரவர்தான் கை வைக்க வேண்டும்.